வெள்ளைப் பூசணம்

ஜூன் 12, திங்கள்

கல்லூரி ஆய்வகத்தில் ஃப்ரீசர் நின்றுபோய், என் மகள் மேகலா ஐந்து வருடமாக வளர்த்துச் சேமித்த பூசணம் எல்லாம் கெட்டுவிட்டது. ரெஜினா மேடம் காலையில் போன் செய்து சொன்னார்கள். மேகலாவின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியாக இருந்தவர்கள். சொந்த ஊர் நாகர்கோயில், வேலை கோயம்புத்தூரில். இப்போது ஏதோ பயிற்சிக்காகப் புனேயில் இருக்கிறார்கள். லீவு நாளில் கரண்ட் போனதை ஆய்வகத்தில் யாரும் கவனிக்கவில்லையாம்.

மேகலா ஏப்ரலில் இறந்துபோனாள். அதைப் பற்றி இதில் எழுதப் போவதில்லை. எண்ணெய் மில்காரர்கள் வருடா வருடம் கொடுக்கிற டைரி இது. கொப்பரை மார்க்கெட் நிலவரம் குறிக்கத்தான் வைத்திருக்கிறேன்.

"அண்ணே, வீட்டுலயும் ஒரு செட்டு வச்சிருக்கேன்னு மேகலா சொல்லுவா. ஃப்ரிட்ஜ்ல இருக்கான்னு பாருங்களேன்" என்றார்கள் மேடம்.

பார்த்தேன். காய்கறி வைக்கிற தட்டுக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் போசி. உள்ளே பஞ்சு அடைத்த ஆறு கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் சாய்வாக உறைந்த பாகு, அதன்மேல் நீலப்பச்சையாகப் பூசணம். மேகலாவின் கையெழுத்தில் தேதி.

"இருக்குதுங்க மேடம். ஆறு."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அழுகிறார்கள் என்று சற்றுப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"தொடாண்டாம்ணே. ஒண்ணும் செய்யாண்டாம். அப்படியே குளிர்ல கெடக்கட்டு. நான் வந்து எடுத்துக்கிடுதேன்."

ரயிலேறி நானே புனேக்குக் கொண்டுவந்து கொடுக்கிறேன் என்றேன். வழியில் சூடுபட்டுவிடும், ஆய்வகத்து ஃப்ரீசரையும் இனி நம்ப முடியாது, உங்கள் ஃப்ரிட்ஜ்தான் பத்திரம் என்றார்கள்.

எனக்குப் புரிந்த அளவில் சங்கதி இதுதான். இந்தப் பூசணம் ஒரு மருந்தைச் சுரக்கிறது. ஆஸ்பத்திரிப் புண்களில் வந்து வேறு எந்த மருந்துக்கும் அடங்காத ஒரு கிருமியை அது கொல்கிறது. அதைப் பற்றி மேகலா எழுதிய கட்டுரை அச்சுக்குப் போக வேண்டும். ஆனால் கட்டுரை மட்டும் போதாது. பூசணம் உயிரோடு, மருந்து சுரக்கிற பதத்தில், கையிருப்பில் இருக்க வேண்டும். வேறு ஆய்வகத்தார் கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும். சாம்பிள் காட்டாமல் எவன் சரக்கு வாங்குவான். இந்த ஆறும் இல்லையென்றால் மேகலா செய்தேன் என்று சொன்னது எதற்கும் சாட்சி இல்லை.

பூசணம் கிடைத்ததே என் கிடங்கில்தான். மழையில் நனைந்து கழிவில் தள்ளிய கொப்பரையிலிருந்து சுரண்டி எடுத்துக்கொண்டு போனாள். "உங்களுக்கு நஷ்டம் பண்ணுனது எனக்கு டாக்டர் பட்டம் வாங்கித் தரும் பாருங்கப்பா" என்றாள்.

ஜூன் 14, புதன்

மார்க்கெட் மந்தம். சரக்கு எடுக்கவில்லை.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன். மேகலாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறார்கள். நாளைக்கு வருகிறேன் என்றேன்.

ஜூன் 25, ஞாயிறு

மதியம் வரை கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜைத் திறக்காதே என்று என் மனைவி ருக்மணியிடம் சொன்னேன். அவள் எதையும் திறக்கிற நிலையில் இல்லை. அடுப்படிப் பக்கமே போவதில்லை. சாப்பாடு இன்னும் அவள் தம்பி துரைசாமி வீட்டிலிருந்துதான் வருகிறது.

கரண்ட் வந்ததும் குழாய்களை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். பாகு வற்றிச் சுருங்கியிருக்கிறது. ஓரங்கள் கண்ணாடியை விட்டுக் கழன்றிருக்கின்றன. பூசணம் சாம்பல் தட்டி, தூள் தூளாக, உயிர் இருக்கிற மாதிரியே தெரியவில்லை.

மேடத்துக்குப் போன் செய்தேன்.

"அது உறங்குது அண்ணே. உறங்குனா நல்லது. எழுப்பாதீங்க."

படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் முப்பது வருடமாக நான் பிழைத்தது ஒரே ஒரு வழியில்: உள்ளே வந்ததை வெளியே அனுப்பிக்கொண்டே இருப்பது. நின்றுபோன கொப்பரை கெடும். அசையாமல் கிடக்கிற எதையும் எனக்கு நம்பத் தெரியாது.

ஜூலை 2, ஞாயிறு

முடிவெடுத்துவிட்டேன். இதை இப்படியே சாக விட முடியாது.

செய்முறை எனக்கும் தெரியும். கொரோனாவில் கல்லூரியை மூடியபோது மேகலா இதை எங்கள் சமையல்கட்டில் வைத்துத்தான் காப்பாற்றினாள். உருளைக்கிழங்கை வேகவைத்து வடித்த தண்ணீர், மருந்துக்கடைக் குளுக்கோஸ், மளிகைக்கடைக் கடல்பாசி. கலந்து குழாயில் ஊற்றிக் குக்கரில் அவித்து, சாய்த்து வைத்தால் உறைந்துகொள்ளும். கம்பியைத் தீயில் காட்டி, ஆறவைத்து, பழைய குழாயிலிருந்து ஒரு துளி எடுத்துப் புதியதில் இழுத்துவிட வேண்டும். பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறேன்.

கிழங்கை வாங்கிவந்து மேடைமேல் வைத்துவிட்டு, குக்கர் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். ருக்மணி வந்து வாசற்படியில் நின்றாள்.

"என்னுங்க பண்றீங்க?"

சொன்னேன்.

ஒரு கிழங்கை எடுத்துப் பார்த்தாள். "தோலைச் சீவோணுமுங்க. தோலோட போட்டா தண்ணி கலங்கிப் போகும்னு அவ சொல்லுவா" என்றாள். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சீவ ஆரம்பித்தாள். பத்து வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போல் அவள் பேசி எத்தனையோ நாளாகிவிட்டது.

மிச்சக் கிழங்கைப் பொரியல் செய்தாள். இரவு இருவரும் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டோம்.

ஜூலை 10, திங்கள்

வந்துவிட்டது. ஒரு குழாயில் கறுப்பாக வேறு ஏதோ ஏறிவிட்டது, அதைக் கழித்துவிட்டேன். மற்ற ஐந்திலும் புதுப் பூசணம். ஆனால் ஒரே மாதிரி இல்லை. சில இடம் நீலப்பச்சை, தட்டையாக, சவலைப் பிள்ளை மாதிரி. சில இடம் வெள்ளை வெளேரென்று, பஞ்சு மாதிரி எழும்பி, குழாய் நிறையப் படர்ந்திருக்கிறது.

கொப்பரை ரகம் பிரிப்பது எனக்குக் கை வந்த வேலை. களத்தில் நின்றபடியே சொல்லிவிடுவேன். வெள்ளையாக, தடிப்பாக, கறை இல்லாமல் இருந்தால் முதல் ரகம். கறுத்தது, பச்சை பிடித்தது, சுருங்கியது எல்லாம் கழிவு. இந்தக் கண்ணை வைத்துத்தான் சைக்கிளில் சாக்கு கட்டிக்கொண்டு திரிந்தவன் காங்கயத்தில் சொந்தக் களம் போட்டேன்.

அடுத்த தடவைக்கு நல்ல வெள்ளையில் மட்டும் எடுக்க வேண்டும்.

ஜூலை 23, ஞாயிறு

வியாழக்கிழமை இரண்டாவது மாற்று. வெள்ளையில் மட்டும் எடுத்தேன். மூன்றே நாளில் குழாய் நிறைந்துவிட்டது. ருக்மணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லாத் திங்குதுங்களே" என்றாள்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

ஆடி மாதம், வியாபாரம் இல்லை. துரைசாமி வந்திருந்தான். அவனும் நானும் கூட்டு.

"ஏன் மச்சான், கிடங்குல கந்தகம் போடச் சொல்லி எத்தன தடவ சொல்றது. போட்டாத்தானுங்களே பூசணம் ஏறாது."

"கந்தகம் போட்ட சரக்க இப்ப எவனும் வாங்கறதில்ல மாப்ளே."

"ஆரு சொன்னா? எல்லாரும் போட்டுத்தான் விக்கறான்." ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணீர் எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். பால் வைக்க இடமில்லாமல் உள்ளே பாட்டிலும் குழாயுமாக இருந்தன. "கொப்பரைல பூசணம் ஏறுனாத் தள்ளுபடி. உங்கூட்டுல என்னடான்னா பூசணத்துக்கு ஏசி போட்டு வெச்சிருக்கீங்க. நாளைக்குச் சாதகம் பாத்து மாப்பிள்ள தேடுவீங்களாட்டம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. தண்ணீரைக் குடிக்காமலே வைத்துவிட்டான்.

"ஒக்காரு மாப்ளே. சாப்புட்டுட்டுப் போ" என்றேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

பழைய ஆறு குழாய்களையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் கழுவிவிட்டேன். குழாய் பற்றவில்லை. புது இருப்பு வந்த பிறகு பழசை எதற்கு வைத்திருப்பது. தேதிச் சீட்டு மட்டும் தண்ணீரில் கழன்று வந்தது. காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 19, சனி

மேகலாவின் போனுக்கு ரீசார்ஜ் போட்டேன்.

செப்டம்பர் 3, ஞாயிறு

எனக்கு நாலைந்து நாளாக ஜுரம். மாற்று வேலையை ருக்மணி செய்தாள். பிறகு எழுந்து போய்ப் பார்த்தால், ஒரு பாட்டிலில் எல்லாவற்றையும் கலந்துகட்டி இழுத்து வைத்திருக்கிறாள். வெள்ளை, அதன் அடியில் எங்கோ மிஞ்சிக் கிடந்த பச்சை, ஓரத்தில் சுருண்டு கிடந்தது, எதையும் விடவில்லை.

"என்ன புள்ள இது? பொறுக்கி எடுக்காம வாரிப் போட்டிருக்கறே?"

"எது நல்லது எது கெட்டதுன்னு எனக்கு எங்கீங்க தெரியும். எதுல அவ கை பட்டுதோ. அதான் எல்லாத்துலயும் சித்தச் சித்த எடுத்தேன்."

"பாட்டில் வீணாப் போச்சு."

"அது என்ர பாட்டில். அதத் தொடாதீங்க."

தொடவில்லை. ஃப்ரிட்ஜில் முட்டைத் தட்டுக்கு மேல் தனியாக வைத்திருக்கிறாள். பார்க்கச் சகிக்கவில்லை. கழிவுக் குவியல் மாதிரி இருக்கிறது.

செப்டம்பர் 20, புதன்

ஸ்டேஷனிலிருந்து மறுபடி போன். நாளைக்கு என்றேன்.

ருக்மணி பக்கத்து வீட்டு வளைகாப்புக்குப் போய்வந்தாள். ஏப்ரலுக்குப் பிறகு முதல் தடவையாக வெளியே கிளம்பியிருக்கிறாள். வந்ததும் நேராக ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சேலை மாற்றினாள்.

அக்டோபர் 7, சனி

ரெஜினா மேடம் வந்தார்கள்.

மேகலாவின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்கள். ருக்மணி மோர் கொடுத்தாள். நான் மேசைமேல் துண்டு விரித்து, பாட்டிலும் குழாயுமாக வரிசையாக எடுத்து அடுக்கினேன். அத்தனையும் வெள்ளை, அத்தனையும் முதல் ரகம். ஆறாக வாங்கியதை இருபதுக்கு மேல் ஆக்கி வைத்திருக்கிறேன். அந்தப் பெருமை எனக்கு இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

மேடம் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்கள்.

"இது என்னண்ணே, வெள்ளையா இருக்கு?"

"வாடிப்போச்சுங்க மேடம். நாங்கதான் தீனி போட்டுத் தேத்தினோம். வாராவாரம் நல்லதாப் பாத்து எடுத்து மாத்திட்டு வர்றோம்."

"வாராவாரமா?"

"ஆமாங்க."

"பழைய குழாய்? மேகலா வச்சது?"

"அதெல்லாம் கழுவியாச்சுங்க."

மேடம் மோர் டம்ளரைக் கையில் எடுத்தார்கள். குடித்து முடிக்கும்வரை எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. "நல்லா... நல்லா வளத்திருக்கிய அக்கா" என்று ருக்மணியிடம் சொன்னார்கள். எல்லாவற்றிலும் ஒவ்வொன்று எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்கள். ருக்மணியின் அந்தப் பாட்டிலையும் கேட்டு வாங்கினார்கள். அவள் கொடுக்கத் தயங்கினாள். திரும்பத் தருகிறேன் என்று சொன்ன பிறகுதான் கொடுத்தாள்.

விலை படியாத ஆள் சரக்கைக் குறை சொல்லாமல் எழுந்து போவானே, அந்த முகத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அக்டோபர் 18, புதன்

கோயம்புத்தூர் போனேன். போனில் சொல்ல வேண்டாம், நேரிலேயே வருகிறேன் என்று நான்தான் சொன்னேன். ருக்மணியிடம் மில் வேலை என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மேகலா உட்கார்ந்த நாற்காலியில் வேறு ஒரு பெண் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டாள்.

மேடம் ஒரு போட்டோவையும் ஒரு வட்டத் தட்டையும் எடுத்துக் காட்டினார்கள். தட்டு முழுவதும் கிருமியை மெழுகின மாதிரி பரப்பி, நடுவில் பூசணத்தை வைப்பார்களாம். மருந்து சுரந்தால் பூசணத்தைச் சுற்றிக் கிருமி செத்து, தெளிந்த வளையம் விழும். போட்டோ மேகலா இருந்தபோது எடுத்தது. உள்ளங்கை அகலத்துக்குத் தெளிவு. தட்டில் இருந்தது என்னுடைய முதல் ரகம். கிருமி பூசணத்தின் காலடிவரை வந்து ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

"எல்லாத்துலயும் இதே கதிதானுங்களா?"

"நீங்க பொறுக்குனது எல்லாத்துலயும்."

மரபணுவையும் சோதித்துவிட்டார்கள். மேடம் காகிதத்தில் கட்டம் கட்டமாக வரைந்து சொன்னார்கள்.

"மருந்து செய்யதுக்கு ஒரு ஜீன் பத்தாதுண்ணே. நாலஞ்சு ஜீன் பக்கத்துல பக்கத்துல ஒரு கூட்டமா இருக்கும். ஒண்ணு தொடங்கிக் கொடுக்கும், அடுத்தது அத வாங்கி முடிச்சுக் கொடுக்கும். உங்க கிடங்குல கெடச்ச பூசணத்துல அந்தக் கூட்டம் ஒரு தடவதான் இருந்துது. மேகலா புற ஊதா வெளிச்சத்துல காட்டி, தப்பிப் பொழச்சதுல எது நல்லாச் சுரக்குதுன்னு ஒவ்வொண்ணா சோதிச்சு எடுத்தா. அஞ்சு வருசத்துல அதே கூட்டம் வரிசையா நாலு தடவ நிக்கும்படி ஆக்கிட்டா. அதனாலதான் அம்புட்டு மருந்து."

"இப்ப?"

"இப்ப ஒண்ணுமில்ல. மொத்தமா உதிந்துட்டு."

நான் கேட்காமலே மேலே சொன்னார்கள். பூசணம் வளரும்போதெல்லாம் தன்னை முழுசாகப் படியெடுக்க வேண்டும். எப்போதாவது ஒன்று அந்த வரிசையில் ஒரு துண்டை விட்டுவிடும். விட்டதற்குச் சுமை குறைவு. மருந்து செய்கிற வேலை இல்லாததால், தின்ற தீனி எல்லாம் உடம்பில் ஏறும். வேகமாக, வெள்ளையாக, பொசுபொசுவென்று வளரும். தீனியும் குறைவில்லை, சண்டைக்கு வர ஒரு கிருமியும் இல்லை என்கிற இடத்தில் அதுதான் ஜெயிக்கும். மருந்து வைத்திருப்பது பின்தங்கி, ஓரத்தில் பச்சையாகச் சுருண்டு கிடக்கும். குளிரில் தூங்கவிட்டிருந்தால் படியெடுக்கிற வேலையே இருந்திருக்காது.

"கொரோனாவுல மேகலாவும் இப்படித்தானுங்க வளத்தினா."

"அவ வளத்துட்டு மறுபடி இங்க கொண்டாந்து ஒவ்வொண்ணா வளையம் பாத்து எடுத்தாண்ணே. மூணு மாசம் அதே வேலையாக் கெடந்தா. உங்கள்ட்ட சொல்லியிருக்க மாட்டா."

சொல்லவில்லை.

"நான் முதல் ரகம் பாத்துத்தானுங்க மேடம் எடுத்தேன்."

"தெரியும்ணே. ஒண்ணுகூடத் தப்பாம எடுத்திருக்கிய."

குத்திக் காட்டவில்லை அவர்கள். உள்ளதைத்தான் சொன்னார்கள். கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஆறிப்போனது.

அக்டோபர் 19, வியாழன்

ருக்மணி கிழங்கு சீவுகிறாள். வாங்கிவரச் சொன்னாள், வாங்கிவந்து கொடுத்தேன்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. துரைசாமி மட்டும் களத்தில் தராசுக்குப் பொட்டு வைத்துவிட்டு வந்தான். நான் போகவில்லை.

அக்டோபர் 31, செவ்வாய்

மேடம் போன் செய்தார்கள். ருக்மணியின் பாட்டிலில் இருந்து எடுத்ததில் மெல்லிசாக ஒரு வளையம் விழுகிறதாம். கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரியுமாம். வெள்ளைக்கு நடுவில் மருந்துள்ளது கொஞ்சம் மாட்டிக்கொண்டு கிடக்கலாம். ஒவ்வொரு வித்தாகப் பிரித்துத் தனித்தனியாக வளர்த்து, ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் இருக்கும். மேகலாவின் நாற்காலியில் இருந்த அந்தப் பெண் செய்கிறாளாம்.

"எதிர்பாத்துக்கிட்டு இருக்காதீங்க" என்றார்கள்.

சரி என்றேன்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. எங்களுக்கு இந்த வருடம் இல்லை. காலையிலிருந்து மழை. களத்தில் காயப்போட்டிருந்த கொப்பரை நனைந்துவிட்டது என்று துரைசாமி போன் செய்தான். மூடச் சொல்ல ஆளில்லையா என்று கத்தினான். அவன் கத்தியது நியாயம்தான்.

இன்று ருக்மணியிடம் சொல்லிவிட்டேன். கிழங்கை வேகவைக்கக் கிளம்பினாள். வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். வேறு காரணம் எதுவும் வாயில் வரவில்லை.

முழுவதும் கேட்டாள். கையில் இருந்த கத்தியைக் கழுவி வைத்தாள்.

"அப்ப, தீனி போடாம உட்டிருந்தாப் பொழைச்சிருக்குமுங்களா?"

"தூங்க உட்டிருந்தா."

"நாம தூங்க உடலீங்க."

"இல்ல."

"அவளும் அப்படித்தானுங்களே. தூங்கறவள எழுப்பி எழுப்பி நெய்த்தோசை ஊட்டுவீங்க. காலேஜு போற பொண்ணுக்கு." சிரித்த மாதிரி இருந்தது. பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் வெளியே போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நனைந்த கொப்பரையை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவளுடைய பாட்டிலைப் பற்றியும் சொன்னேன். நான்கூட ஏதாவது கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். இத்தனை வருடம் சரக்கு பார்த்த கண்ணு என்ன ஆச்சு என்று அவள் கேட்கவில்லை.

நவம்பர் 15, புதன்

நனைந்ததைக் கழிவு விலைக்குத் தள்ளிவிட்டோம்.

நவம்பர் 29, புதன்

முடிவு வந்துவிட்டது. பிரித்து வளர்த்ததில் பெரும்பாலானது வெறுமை. ஆனால் விரல்விட்டு எண்ணுகிற அளவு வித்துகளில் வளையம் விழுகிறது. மரபணுவைப் பார்த்தார்கள். மேகலாவின் பூசணத்தில் அந்த வரிசை நான்கு தடவை இருந்தது. இதில் இரண்டு. நான்கு உள்ளது ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"ரெண்டு இருந்தாப் போதுங்களா மேடம்?"

"பொழச்சுக்கிடும். கட்டுரையத் திருத்தணும். நாலுன்னு சொன்னத எடுத்திரணும், கையில இல்லாதத எழுதக் கூடாதுல்லா. அவ பேரு இருக்கும்ணே, அது நான் பொறுப்பு. ஆனா இப்ப இருக்கது அவ ரெண்டாவது வருசம் முடிக்கும்போது வச்சிருந்த பூசணம் மாதிரி. அதுக்குப் பொறகு செஞ்சது போச்சு."

இரண்டாவது வருடம் முடித்தபோது என்று சொன்னதும் கணக்குப் பார்த்தேன். அப்போது மேகலா பஸ்ஸில்தான் போய்வந்துகொண்டிருந்தாள். ஸ்கூட்டர் வாங்கவில்லை.

டிசம்பர் 1, வெள்ளி

ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டியை எடுத்துக்கொள்ளவில்லை. இரும்புக்கடைக்காரனை வந்து ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். முன்பக்கக் கூடையில் ஒரு பாக்கெட் கடல்பாசி கிடந்தது. காய்ந்த சருகு மாதிரி இருந்தது. அதை மட்டும் எடுத்துவந்தேன்.

டிசம்பர் 9, சனி

ரெஜினா மேடம் வீட்டுக்கு வந்தார்கள். திருத்திய கட்டுரையின் முதல் பக்கத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். முதல் பெயர் ந. மேகலா. அதற்குக் கீழே மேடத்தின் பெயரும், அந்தப் பெண்ணின் பெயரும். எழுத்து சின்னதாக இருந்தது. ருக்மணி கண்ணாடி போட்டு விரலை ஓட்டிப் பார்த்தாள்.

பிறகு மேடம் விஷயத்துக்கு வந்தார்கள். மருந்துள்ளதை இனி யாரும் வளர்க்கப் போவதில்லை, உலர்த்தி உறையவைத்துவிடுவார்கள். வீட்டில் இருக்கிற வெள்ளை எல்லாவற்றையும் இன்றைக்கே கொதிக்கவைத்துக் கொட்டிவிட வேண்டும்.

"அத ஏனுங்க கொட்டோணும்?" என்றாள் ருக்மணி.

"அக்கா, அதுல ஒண்ணுமில்ல. மருந்து இருக்கதோட என்னைக்காவது கலந்துட்டா, இது அத முந்திரும். பயந்துதான் சொல்லுதேன்."

"உங்களுது உங்ககிட்ட. எங்களுது எங்ககிட்ட. எப்புடீங்க கலக்கும்?"

"மேகலா செஞ்சது எதுவுமே இப்ப அதுல கெடையாதுக்கா. அது சும்மாப் பூசணம். ரோட்டோரம் கெடக்க ரொட்டியில வரும்லா, அந்த மாதிரி."

"தெரியுமுங்க. இவரு சொன்னாரு."

"பின்ன என்னத்துக்கு?"

ருக்மணி என்னைப் பார்த்தாள். நான் பேசுவேன் என்று நினைத்தாளோ என்னவோ. எத்தனையோ பேரம் பேசியவன் நான். எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"அது திங்குதுங்களே" என்றாள்.

மேடம் கட்டுரைப் பக்கத்தை மடித்தார்கள். பிரித்தார்கள். மறுபடி மடித்தார்கள்.

"எத்தன வேணும் அக்கா?"

"எல்லாமும்."

"அது முடியாது. ஒண்ணு வச்சிக்கிடுங்க."

"ஒண்ணு கெட்டுப்போச்சுன்னா?"

பேசி முடித்தது இது. மருந்து சுரக்கிற பூசணம் முழுவதும் கல்லூரிக்கு. அதை உலர்த்திக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, இரண்டு ஊர்களில் இரண்டு இடங்களில் குளிரில் வைப்பார்கள். பதிவில் மேகலா பெயர். அதைத் தொடவோ, எடுத்துக் காட்டச் சொல்லிக் கேட்கவோ எங்களுக்கு உரிமை இல்லை. சுரக்காத வெள்ளையில் இரண்டு பாட்டில் எங்களுக்கு. அதை ஆய்வகத்துக்குள் கொண்டுபோகக் கூடாது, யாருக்கும் கொடுக்கக் கூடாது. எங்களில் கடைசியாக இருக்கிறவர் முடியாமல் போகும்போது கொதிக்கவைத்துக் கொட்டிவிட வேண்டும். விலை, இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை.